மதுராவில் பேடா மட்டும் போதாது!

மதுரா போனால் பேடாவோடு ஒரு சாஞ்ஜியும் வாங்குங்கள். மயில், பசு, கதம்ப மரம், குழலூதும் கண்ணன் என்று சிறு கத்தரிக்கோலால் நுணுக்கமாக வெட்டிய ஸ்டென்சில் தாள் அது. இந்தியில் 'சாஞ்ஜ்' என்றால் அந்திப்பொழுது. மகாளயபட்ச நாட்களில் பிருந்தாவனக் கோயில்களில் மண் மேடை அமைத்து, நிறத்துக்கொரு தாள் வைத்து வண்ணப்பொடி தூவுவார்கள். மணிக்கணக்கில் போட்ட கோலத்தைத் தரிசனம் முடிந்தபின் கலைத்துவிடுவார்கள். தாள் மட்டும் மிஞ்சும்.

இப்போது லேசரில் வெட்டியதும் கிடைக்கிறது. ஓரம் பழுப்பாகத் தீய்ந்திருந்தால் அது இயந்திர வேலை. கைவேலைக்குக் காசு கொடுத்தால்தான் அடுத்த தலைமுறையும் கத்தரிக்கோலை எடுக்கும்.

வீட்டுக்கு வந்ததும் கெட்டி அட்டைமேல் தாளை வைத்து, வண்ணம் தொட்ட ஸ்பாஞ்சால் மெல்ல ஒற்றுங்கள். பிள்ளைகள் கையாலேயே வாழ்த்து அட்டை தயார்!