எட்டரை மணிக்கு என்ன சமைப்பது?



இன்றைய பதிவில் இலக்கணம் இல்லை. தேர்வு வழிகாட்டியும் இல்லை. ஒரு சட்டி கோழி மீ சூப்பைப் பற்றி எழுதப் போகிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு அடுப்படியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியின் பெற்றோர் சந்திப்பு நாளில், சத்துணவு பற்றிப் பேசும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். சுகாதார அமைச்சு பரப்பிவரும் 'சூக்கு சூக்கு செபாரோ' தட்டைப் பலகையில் வரைந்து விளக்கினேன். கால், கால், அரை என்பது அதன் பொருள். தட்டில் கால் பங்கு சோறு அல்லது மீ. கால் பங்கு மீன், கோழி, முட்டை போன்றவை. மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும். 2019-ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது என்பதையும் எடுத்துச் சொன்னேன். பிள்ளைகளுக்கு உடனடி மீயை அடிக்கடி கொடுக்காதீர்கள் என்று பேச்சை முடித்தேன். கைதட்டினார்கள்.

அப்பொழுது கடைசி வரிசையிலிருந்து ஒரு தாயார் எழுந்தார்.

"சார், நான் விடியற்காலை நாலரைக்கு மோட்டாரில் சிங்கப்பூருக்குக் கிளம்புகிறேன். வீடு திரும்ப இரவு எட்டரை ஆகிவிடும். அதற்குமேல் நான் என்ன சமைப்பது? நீங்களே சொல்லுங்கள்."

அவர் சண்டைக்கு வரவில்லை. உண்மையாகவே கேட்டார். ஜொகூர் பாருவில் வாழ்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1924-இல் திறக்கப்பட்ட அந்தக் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல். அந்த ஒரு கிலோமீட்டர்தான் நம் பிள்ளைகள் பலரின் இரவு உணவைத் தீர்மானிக்கிறது. நான் ஏதோ முணுமுணுத்துவிட்டு அமர்ந்தேன். என்னிடம் விடை இல்லை.

அன்றிரவு என் துணைவியாருக்கு மருத்துவமனையில் இரவுப் பணி. மேசையில் திருத்த வேண்டிய பயிற்சி நூல்கள் மலைபோல் கிடந்தன. பசிக்கிறது என்று மகள் வந்து நின்றாள். நான் என்ன செய்தேன், தெரியுமா? கையில் சிவப்புப் பேனாவுடனேயே எழுந்துபோய், ஓர் உடனடி மீப் பொட்டலத்தைப் பிரித்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தேன்! அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்தேன். சோடியம் 1000 மில்லிகிராமுக்கு மேல். பெரியவர்களே ஒரு நாள் முழுவதும் 2000 மில்லிகிராமுக்குக் குறைவாகத்தான் கொள்ள வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். காலையில் மேடையில் பேசியவனும் நான்தான். இரவில் வெந்நீர் ஊற்றியவனும் நான்தான்.

உடனடி மீயைக் கண்டுபிடித்தவரைக் குறை சொல்ல இயலாது. போருக்குப் பிந்திய ஜப்பானில் மக்கள் உணவுக்குத் திண்டாடியதைக் கண்ட மொமொஃபுக்கு அண்டோ, 1958-இல் அதனை உருவாக்கினார். முதலில் வந்ததே கோழிச் சுவை மீதான். நேரமில்லாதவர்களின் பசிக்கு அது ஒரு விடை. அதைவிட நல்ல விடையை நான் வைத்திருந்தேனா என்பதே கேள்வி.

ஆசிரியப் பெருமக்களே, நாம் செய்து பார்க்காத கணக்கை மாணவர்களுக்குக் கொடுப்போமா? மாட்டோம். ஆனால் பெற்றோருக்கு மட்டும் நாம் செய்து பார்க்காத வீட்டுப்பாடத்தைத் தாராளமாகக் கொடுத்துவிடுகிறோம். ஆகவே மறுநாள் இரவு, சரியாக எட்டரை மணிக்கு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தேன்.

மீ நமக்கு அந்நியமானதன்று. மூவாரின் பெயரைச் சுமந்திருக்கும் மீ பண்டோங்கும், இத்தாலிய ஸ்பெகெட்டியில் சமைக்கப்படும் லக்சா ஜொகூரும் இந்த மாநிலத்தின் சொத்துகள். நம் இடியாப்பமும் அந்த இனந்தானே! அதனால் கோழி மீ சூப்பையே தேர்ந்தெடுத்தேன்.

முதல் நாள் ஐம்பது நிமிடங்கள் பிடித்தன. மீயைச் சூப்பிலேயே போட்டுக் கொதிக்க விட்டதால் அது உப்பிக் கஞ்சியாகிவிட்டது. இரண்டாம் நாள் கீரை கறுத்தது. நான்காம் முயற்சியில் இருபத்தைந்து நிமிடங்களுக்குள் முடித்தேன். அந்த முறையைக் கீழே தருகிறேன்.

நால்வருக்குத் தேவையானவை: மஞ்சள் மீ 400 கிராம், எலும்பும் தோலும் நீக்கிய கோழித் தொடை இறைச்சி 300 கிராம், சாவி என்று நாம் வாங்கும் கடுகுக் கீரை இரண்டு கட்டு, காரட் இரண்டு, தாவ்கே இரண்டு கைப்பிடி, பூண்டு நான்கு பல், கட்டைவிரல் அளவு இஞ்சி, செராய் ஒரு தண்டு, சோயாச் சாறு ஒரு மேசைக்கரண்டி, வெள்ளை மிளகுத்தூள், எண்ணெய் ஒரு தேக்கரண்டி.

8.30: ஒன்றரை லிட்டர் நீரைக் கெட்டிலில் கொதிக்க வையுங்கள். கொதிப்பதற்குள் காய்கறிகளை நறுக்கிவிடுங்கள். கோழியைக் கடைசியாக, தனிப் பலகையில் வெட்டுங்கள். உறைபெட்டியில் இருந்த கோழியைக் காலையிலேயே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றியிருக்க வேண்டும். சற்றே கெட்டியாக இருக்கும்போது மெல்லியதாக வெட்டுவது எளிது. நாருக்குக் குறுக்கே வெட்டினால் இறைச்சி மென்மையாக இருக்கும்.

8.38: சட்டியில் எண்ணெய் விட்டு, நசுக்கிய இஞ்சி, பூண்டு, செராயை மணம் வரும்வரை வதக்குங்கள். வெந்நீரை ஊற்றிக் காரட்டைப் போடுங்கள். கெட்டிலில் மீண்டும் நீர் வையுங்கள்.

8.42: கோழியையும் சோயாச் சாற்றையும் சேருங்கள். மெல்லிய துண்டுகள் ஐந்தாறு நிமிடங்களில் வெந்துவிடும். உள்ளே இளஞ்சிவப்பு நிறம் இருக்கக்கூடாது.

8.48: மீயை வேறொரு பாத்திரத்தில் இட்டு, கொதிநீர் ஊற்றி ஒரு நிமிடம் வைத்து வடியுங்கள். மஞ்சள் மீயில் காரநீரும் எண்ணெயும் சேர்ந்திருக்கும். அந்த வாடையும் ஓரளவு உப்பும் இதில் நீங்கும்.

8.50: சூப்பில் கீரையையும் தாவ்கேயையும் போட்டு ஒரே நிமிடத்தில் அடுப்பை அணையுங்கள். கிண்ணத்தில் மீயை இட்டுச் சூப்பை ஊற்றி, மிளகுத்தூள் தூவுங்கள்.

ஒரு மேசைக்கரண்டி சோயாச் சாற்றில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் உண்டு. இங்கே அது நால்வருக்குப் பங்காகிறது. உப்பு குறைவாகத் தோன்றினால், லீமாவ் கஸ்தூரியைப் பிழிந்துகொள்ளுங்கள். புளிப்பு, உப்பின் குறையை மறைத்துவிடும்.

இதனை ஒரு தாளில் எழுதி, அந்தத் தாயாரிடம் கொடுத்து அனுப்பினேன். சில வாரங்கள் கழித்துப் பள்ளி வாசலில் சந்தித்தபோது சிரித்தார்.

"உங்கள் கணக்கு தவறு சார். எனக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆகிறது. பையன் காயை அலசி, தண்ணீரை வைத்துவிட்டால் இருபதுதான்."

ஆறாம் ஆண்டில் படித்த அந்தப் பையன், அதுவரை ஏழு மணிக்குத் தனியே சாப்பிட்டுவிட்டு உறங்குபவன். இப்பொழுது மாலையில் ஒரு பழத்தைத் தின்றுவிட்டு, அம்மாவின் மோட்டார் ஓசைக்காகக் காத்திருக்கிறானாம். இருவரும் ஒன்பது மணிக்கு ஒன்றாக அமர்ந்து உண்கிறார்கள். நான் எழுதிக் கொடுத்தது சமையல் குறிப்பு மட்டுமே. இது அவர்களே சேர்த்துக்கொண்டது.

எல்லா நாளும் அப்படி இல்லை என்றும் அவர் சொன்னார். பாலத்தில் நெரிசல் மிகுந்த இரவுகளில் பொட்டலம்தான். ஆனால் மசாலாத்தூளில் பாதியை எறிந்துவிட்டு, ஒரு முட்டையும் ஒரு பிடி கீரையும் சேர்க்கிறாராம். அதைக் கேட்டு நான் அறிவுரை எதுவும் கூறவில்லை. என் வீட்டிலும் அத்தகைய இரவுகள் உண்டு.

அடுத்த பெற்றோர் சந்திப்பிலும் நான் பேச வேண்டியிருக்கும். இம்முறை கையில் தாளை மட்டும் கொண்டு போவதாக இல்லை. கெட்டிலையும் சட்டியையும் எடுத்துச் செல்லலாம் என்றிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் எட்டரை மணிக்கு என்ன சமைக்கிறீர்கள்? நேரத்தையும் குறித்துச் சொல்லுங்கள்.