உருவும் உடையும்

எங்கள் ஊராகிய பருத்திப்பட்டு, ஆவடியினின்று பூந்தமல்லிக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது. அதன் பெயரின் பொருளை ஆங்கிலத்தில் எழுதுமாறு ஒரு நாள் மாலை யான் சொன்னபொழுது, என்னிடம் பாடங் கேட்கும் சிறுவன் ஒருவன் சற்றும் தயங்காமல் 'காட்டன் சில்க்' என்று எழுதிக் காட்டினான். பட்டு என்பது ஈண்டுச் சிற்றூரைக் குறிக்குமேயன்றி ஆடையைக் குறியாது என விளக்கினேன். அன்றேல் சேத்துப்பட்டில் உள்ளோர் சேற்றைக்கொண்டு பட்டு நெய்வோராகிவிடுவர் அன்றோ? பிள்ளைகள் நகைத்தனர், யானும் நகைத்தேன். சொல்லுக்குச் சொல் வைத்து ஆளை இழக்கும் பிழையை, அதே கிழமையில் யானே செய்யப்போவதை அப்பொழுது அறிந்திலேன்.

கல்லூரியினின்று திரும்பிய பின்னர், எங்கள் தெருப் பிள்ளைகள் எண்மருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பது என் வழக்கம். அவர்களுள் என் தங்கையும் ஒருத்தி. 2023ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில் யாங்கள் எடுத்துக்கொண்ட பாடம், ஒருவருடைய தோற்றத்தையும் உடையையும் முடியலங்காரத்தையும் வருணிப்பது. எளிய பாடம் என்றே எண்ணித் தொடங்கினேன். ஆனால் முதல் நாளிலேயே இடர் பல தோன்றின. நமக்கு முடி எண்ணத்தக்க பொருள்; ஆங்கிலத்திலோ தலையிலுள்ளது முழுவதும் சேர்ந்து ஒருமை. ஒருவருக்கு 'ஹேர்ஸ்' உண்டு என்று எழுதினால், பாவம், அவர் தலையில் சில இழைகளே எஞ்சியுள்ளன என்று படிப்போர் இரங்குவர். 'தாத்தா வேட்டி கட்டுவார்' என்பது வழக்கத்தையும், 'தாத்தா வேட்டி கட்டியிருக்கிறார்' என்பது இப்பொழுதுள்ள நிலையையும் உணர்த்துகின்றன. கட்டி முடிந்த வேட்டியை நாம் முடிந்த செயலாகக் கூறுகின்றோம். ஆங்கிலேயரோ இன்னும் நடந்துகொண்டிருக்கும் செயலாகக் கூறுகின்றனர். இதனைப் பிள்ளைகளுக்கு உணர்த்த இரண்டு மாலைப்பொழுதுகள் சென்றன.

இலக்கணத்தினும் பெருந்தொல்லை சொற்பட்டியலால் விளைந்தது. பொன்னிற முடி, நீலக் கண், முகத்திற் செம்புள்ளிகள் என்று புத்தகம் வரிசையாகக் கூறிற்று. முடிதிருத்தகத்திற் சாயமிட்டுக்கொண்ட வாலிபர் ஒருவர் நீங்கலாகப் பொன்முடியுடையார் எங்கள் தெருவில் இலர். கூந்தலை முடிக்கும் வகை ஐந்தெனக் கண்டு, அதனால் கூந்தலுக்கே 'ஐம்பால்' என்று பெயரிட்ட மொழி நம்முடையது. ஆயினும் எதிரே அமர்ந்திருந்த சிறுமியர் இரட்டைச் சடை பின்னி, மடித்து, ரிப்பன் வைத்துக் கட்டியிருந்த கோலத்தைச் சொல்ல எங்கள் பட்டியலில் ஒரு சொல்லும் இல்லை. 'ஃபேர்' என்னும் சொல்லுக்குச் சிவந்த நிறம் என்றும் அழகு என்றும் இரு பொருள் உள என்று யான் சொன்னவுடனே, நல்ல கருநிறமுடைய சிறுமி ஒருத்தி தன்னைப் பற்றி எழுதிய முதல் வாக்கியத்தில் அச்சொல்லை இட்டுவிட்டாள். அதனைத் திருத்த எனக்கு மனம் எழவில்லை. ஒருகால் திருத்தியிருத்தல் வேண்டுமோ என்னும் ஐயம் இன்றும் உண்டு.

என் தாத்தாவைப் பற்றி இங்கே கூறவேண்டும். ஆவடியில் 1961ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற படைத்துறை உடைத் தொழிற்சாலையில் அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தையற்பணி புரிந்தவர். படைவீரர்க்குரிய சீருடைகளைத் தைக்கும் அத்தொழிற்சாலை, 2021ஆம் ஆண்டு அக்டோபர் முதல் 'டுரூப் கம்ஃபர்ட்ஸ்' என்னும் அரசு நிறுவனத்தைச் சார்ந்ததாயிற்று. "ஆயிரம் பேரை ஒரே ஆளாகக் காட்டுவதுதான் எங்கள் வேலை, தம்பி" என்பார் தாத்தா. ஓய்வு பெற்ற பின்னர் அவர் வீட்டுத் திண்ணையில் பொறியை இட்டு, அயலார்க்குச் சட்டையும் இரவிக்கையும் தைத்துக் கொடுத்தார். அப்பொழுது அவர் கண் வேறு வகையாயிற்று. வருவோர் முகத்தை அவர் பார்ப்பதில்லை, தோளைப் பார்ப்பார். இரண்டு தோளும் ஒத்த மனிதனைத் தாம் கண்டதேயில்லை என்பது அவர் துணிபு.

அந்தக் கிழமை வெள்ளியன்று, பொத்தான் வாங்க அம்பத்தூர் சென்று வருவதாகச் சொல்லிக் காலை பத்து மணிக்குப் புறப்பட்டவர், மாலை ஐந்தாகியும் திரும்பவில்லை. அகவை 78. சில திங்களாக அவருக்கு மறதி மிகுந்து வந்தது. கடைக்காரரிடம் தொலைபேசியிற் கேட்டதற்கு, அவர் கடைக்கு வரவேயில்லை என்றார். ஆவடியிற் புகைவண்டி ஏறியதைக் கண்டதாக அண்டைவீட்டார் ஒருவர் உரைத்தார். தந்தையார் அம்பத்தூருக்கு விரைந்தார். யான் தங்கையை அழைத்துக்கொண்டு ஆவடி நிலையத்துக்கு ஓடினேன்.

நடைமேடையிற் காவல் புரிந்த அதிகாரி வடநாட்டவர், தமிழ் அறியார். இருப்புப்பாதை வழியிலுள்ள நிலையங்களுக்கெல்லாம் செய்தி அனுப்புவதாகவும், தாத்தாவின் அடையாளங்களை எழுதித் தருமாறும் அவர் ஆங்கிலத்திற் கேட்டார். கை நடுங்க எழுதினேன். முதியவர், நடுத்தர உயரம், வெண்முடி, வெள்ளை 'டிரெஸ்', தோளில் 'டவல்'. நிறம் என்ன எழுதுவது? மாநிறம் என்று நாம் சொல்லிவிடுவோம். திருமண விளம்பரங்களிற் கண்ட 'வீட்டிஷ்' என்னும் கோதுமைநிறச் சொல்லை இட்டேன். கோதுமை விளையும் நாட்டினின்று வந்த அவ்வதிகாரி அதனைப் படித்து எத்தகைய நிறத்தை எண்ணியிருப்பாரோ! அங்க அடையாளம் என்னும் இடத்தில் என் எழுதுகோல் நின்றுவிட்டது. என் பள்ளிச் சான்றிதழில் என் மச்சங்கள் இரண்டும் குறிக்கப்பட்டுள்ளன. வலது முன்கையில் ஒன்று, இடது புருவத்தின்மேல் ஒன்று என்று உறக்கத்திற் கேட்டாலும் ஆங்கிலத்திற் சொல்வேன். இருபது ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும், தாத்தாவின் உடலில் ஒரு மச்சம் எங்குளது என்று யான் அறியேன்.

அதிகாரி தாளைப் படித்தார். சினம் சிறிதுமின்றி, நடைமேடையை நோக்கிக் கையை மெல்ல வீசினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, நரைத்த தலை ஆகியவற்றோடு அங்கே நால்வர் நின்றிருந்தனர். அவருள் எவரும் என் தாத்தா அல்லர். நால்வரும் யான் எழுதியதற்குப் பொருந்தினர். ஆங்கிலத்தில் 'டிரெஸ்' என்று ஓர் ஆடையைச் சுட்டினால் அது மகளிர் அணியும் ஒற்றை அங்கியைக் குறிக்கும் என்பதும், 'டவல்' என்றவுடன் அவர்கள் குளியலறையை நினைப்பர் என்பதும் யான் பின்னர்த் தெளிந்தவை. நல்லவேளையாக, அவ்வதிகாரியும் நம் நாட்டவராதலின் அவற்றைப் பிழைபடக் கொள்ளவில்லை.

அப்பொழுது என் தங்கை முன்வந்தாள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் யான் கற்பித்த அளவே. "பாக்கெட் ப்ளூ" என்று தன் மார்பைத் தொட்டுக் காட்டினாள். துணியிற் கோடிடும் நீலச் சுண்ணக்கட்டியைத் தாத்தா சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்வார். ஆதலின் பையின் விளிம்பு எக்காலமும் நீலமாயிருக்கும். அடுத்து, "டூ பட்டன் வொயிட், ஒன் பட்டன் ப்ளாக்" என்றாள். ஊராருக்கெல்லாம் பொத்தான் தைத்தவர் தம் சட்டைக்குக் கையில் அகப்பட்டதைத் தைத்துக்கொண்டிருந்தார் போலும்! இறுதியாக அவளுக்குச் சொல் கிடைக்கவில்லை. தன் உச்சந்தலையில் ஒரு விரலை வைத்துச் சுழற்றினாள். சற்றுத் தள்ளி வைத்து மறுபடியும் சுழற்றினாள். "டூ" என்றாள். தாத்தாவுக்கு இரட்டைச் சுழி. நாள்தோறும் அவர் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுபவள் அவளே.

அதிகாரி புன்முறுவலோடு தம் தொப்பியை எடுத்துவிட்டுத் தலையைச் சாய்த்துத் தம் சுழியைக் காட்டினார். ஒன்றுதான். பின்னர் என் தாளின்கீழ் மூன்று வரி தம் கையாலேயே எழுதித் தொலைபேசியை எடுத்தார்.

ஒன்றரை மணி நேரத்திற்குள் திருவள்ளூரிலிருந்து செய்தி வந்தது. கிழக்கே செல்லவேண்டியவர் மேற்கே செல்லும் வண்டியில் ஏறி, அங்கு இறங்கி, ஒரு பலகையில் அமர்ந்திருந்தாராம். நீலப் பையைக் கண்டு கேட்டதற்குத் தம் பெயரைச் சொல்லிவிட்டாராம். யாங்கள் சென்றபொழுது, தேநீர்க் கடைச் சிறுவன் ஒருவனுடைய சட்டையின் தோள் தையல் கோணியிருப்பதை அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

இரட்டைச் சுழிக்கு ஆங்கிலச் சொல் யாதென்று அவ்விரவே தேடினேன். 'டபுள் கிரவுன்' என்கின்றனர். உச்சந்தலைக்கும் மணிமுடிக்கும் அவர்களிடம் ஒரே சொல். இதனைக் கேட்ட என் தங்கை, தாத்தா இரண்டு நாட்டுக்கு அரசர் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். வீட்டிலுள்ள ஒருவரை, அவரைக் கண்டறியாத ஒருவர் நடைமேடையில் தேடிப் பிடிக்கத்தக்கவாறு எழுதி வருக என்றேன். சொல் இல்லாத இடத்தில் இரண்டு வரியாகச் சொல்லலாம் என்றும் இசைவளித்தேன். 'ஃபேர்' என்று எழுதிய சிறுமி, தன் அன்னையைப் பற்றிப் பன்னிரண்டு வரிகள் எழுதி வந்தாள். அவற்றுள் நிறத்தைக் குறித்து ஒரு வரியே இருந்தது. 'டார்க், லைக் வெட் டமரிண்ட்' என்பது அது. புளியை நனைத்த நிறம்! பிழையாகக் குறிக்க அதில் ஒன்றும் இல்லை.

என் தங்கை தாத்தாவையே எழுதினாள். அன்று அவர் திண்ணையில் அமர்ந்து, அவள் படிப்பதைத் தமிழிற் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். சுழி, பொத்தான், பை எல்லாம் வந்தன. முடிந்தவுடன் அவர் தலையை அசைத்தார்.

"தோளை விட்டுவிட்டாயே, பாப்பா! எனக்கு இடத்தோள் அரை அங்குலம் தாழ்வு."

அவள் அளவுநாடாவை எடுத்து வந்து வைத்துப் பார்த்தாள். முக்கால் அங்குலம் இருந்தது. எழுதுகோலைக் கையிற் கொண்டு, "அண்ணா, தோளுக்கு 'ஹேஸ்' போடுவதா, 'இஸ்' போடுவதா?" என்று கேட்டாள்.