மழைக்காலத்து மிதிவண்டிப் பயணம்

நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணத்திற்கு நாள் குறிப்பது திருமணத்திற்கு நாள் குறிப்பதைக் காட்டிலும் கடினமானது. மணவீட்டார்க்குப் பந்தல் உண்டு; மிதிவண்டியில் செல்வார்க்கு வானமே கூரை. அக்கூரை ஐப்பசி முதல் மார்கழி வரை எப்பொழுது ஒழுகும் என்பதை உறுதியாய்ச் சொல்ல வல்லார் எவருமிலர்.

எம் துறை மாணவர்களோடு யாம் மேற்கொள்ளும் இலக்கியச் சுற்றுலாக்கள் மிதிவண்டியிலேயே நடைபெறுகின்றன. பேருந்தில் சென்றால் ஊரைக் காணலாம். வழியைக் காண இயலாது. பாளையங்கோட்டையிலிருந்து கிழக்கே செய்துங்கநல்லூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையை எண்ணிப் பாருங்கள். முதுமக்கள் தாழிகள் புதைந்து கிடக்கும் ஆதிச்சநல்லூர், நம்மாழ்வார் அவதரித்த ஆழ்வார்திருநகரி, அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய திருச்செந்தூர், அதனை அடுத்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது அதே சந்த நடையில் திருப்புகழ் பாடிய காசிம் புலவரின் காயல்பட்டினம் என ஏறத்தாழ அறுபது கிலோமீட்டருக்குள் தமிழ் இலக்கிய வரலாற்றின் பல பக்கங்கள் விரிந்து கிடக்கின்றன.

மழைக்காலத்தை விடுத்து வேறு காலத்தில் செல்லலாகாதோ என வினவுவார் உளர். சித்திரை, வைகாசியில் நெல்லைச் சீமையின் வெயிலில் மிதிவண்டி மிதிப்பது துன்பத்தை விலைக்கு வாங்குவதாகும். ஆனி முதல் ஆவணி வரை செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்று சீறி வரும். அக்காலத்தில் குற்றாலம் செல்வதே தகும். அதுவும் காலையில் காற்றை எதிர்த்து மேற்கே சென்று, மாலையில் காற்றையே துணையாகக் கொண்டு திரும்புதல் வேண்டும். கடற்கரை நோக்கிய பயணத்திற்கு ஏற்றவை வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களே. அப்போது போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. வயல்கள் பசுமை போர்த்திருக்கும், குளங்கள் நிறைந்திருக்கும். அந்த அழகைத் தருகின்ற மழையே பயணத்திற்குப் பகையாகவும் அமைகிறது.

பல ஆண்டுப் பழக்கத்தில் சிலவற்றைக் கண்டறிந்துள்ளோம். ஐப்பசித் தொடக்கத்து மழை பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு வருவது. ஆதலின் ஃபஜ்ருத் தொழுகையை முடித்த கையோடு புறப்பட்டு நண்பகலுக்குள் கூரையுள்ள இடம் சேர்ந்துவிடல் வேண்டும். கார்த்திகையில் நிலைமை மாறும். கடலோரத்தில் பின்னிரவிலும் விடியலிலும் பெய்து, காலை ஒன்பது மணியளவில் ஓய்வதுண்டு. அப்பொழுது விடியலில் புறப்படுவது நனைவதற்கே புறப்படுவதாகும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது நொடிக்குக் குறைவாக எண்ண முடிந்தால் இடி பத்துக் கிலோமீட்டருக்குள் உள்ளது என்று பொருள். உடனே வண்டியை விட்டிறங்கிக் கட்டடத்திற்குள் ஒதுங்குதல் வேண்டும், பனைமரத்தடி ஆகாது. தேரிக்காட்டுப் பக்கம் வளர்ந்த எம் மாணவர்க்கு இதனைக் கற்பிக்க வேண்டியதில்லை. இடி விழுந்து தலையிழந்த பனைகளை அவர்கள் சிறு வயதிலேயே கண்டவர்கள்.

வானிலை அறிக்கையைப் படிப்பதற்கும் ஓர் இலக்கணம் உண்டு. 'ஓரிரு இடங்களில்' என்றால் அப்பகுதியின் மழைமானி நிலையங்களுள் கால் பங்குக்கு மேற்படாதவற்றில் மழை என்பது பொருள். 'ஒரு சில இடங்களில்' என்பது அரைப் பங்கு வரையிலும், 'பல இடங்களில்' என்பது முக்கால் பங்கு வரையிலும் செல்லும். அளவு குறித்த சொற்களும் அவ்வாறே. 'கனமழை' ஏழு முதல் பதினொரு செ.மீ.; 'மிகக் கனமழை' பன்னிரண்டு முதல் இருபது செ.மீ.; அதற்கு மேற்பட்டதெல்லாம் 'அதிகனமழை'. உரிச்சொல்லின் வேலையை உரிச்சொல்லிலேயே விடாமல் எண்ணுக்குள் அடக்கிய இத்துறையினரைத் தமிழாசிரியர் என்ற முறையில் யாம் பாராட்டுகிறோம். 'ஓரிரு இடங்களில் கனமழை' எனின் புறப்படலாம். 'மிக' என்னும் ஓரசை சேருமாயின் வண்டியைத் திண்ணையில் ஏற்றிவிடுவோம். இஃது எம் துறையில் எழுதாச் சட்டம்.

மழைச் சட்டையைப் பற்றி ஒரு சொல். அது மழையை வெளியே நிறுத்தி வியர்வையை உள்ளே நிறுத்தும். ஐந்து கிலோமீட்டர் மிதித்தபின் இரண்டிற்கும் வேறுபாடு இல்லை. நெகிழிப் பையில் கட்டிய மாற்றுடை ஒன்றே போதும். நனைந்த சக்கர விளிம்பில் பிரேக் கட்டை பற்றாது வழுக்கும் என்பதை மட்டும் மறத்தலாகாது. முன்செல்லும் வண்டிக்கும் நமக்கும் இடைவெளியை இரு மடங்காக்கிக் கொள்ளுதல் வேண்டும்.

எல்லாவற்றினும் முதன்மையானது தலைக்கு மேலுள்ள வானமன்று. மேற்கேயுள்ள மலையும் இடையிலுள்ள குளங்களுமே. தாமிரபரணியின் கடைசி அணையான ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பிரியும் தென்கால், கடம்பாகுளம் முதலிய குளங்களை வரிசையாய் நிரப்புகிறது. ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்திற்கு நீர் சேரும். மேலேயுள்ள குளம் உடைந்தால் கீழேயுள்ளவை ஒன்றன்பின் ஒன்றாய் உடைதல் கூடும். நாம் செல்லும் சாலை இக்குளங்களை ஒட்டியே செல்கிறது. ஆதலின் சாலையில் ஒரு துளி விழாத நாளிலும் பாபநாசத்து மலையில் என்ன பெய்தது என்று கேட்டறியாமல் புறப்படுவதில்லை. 1992 நவம்பரில் தாமிரபரணி கரைபுரண்டதைக் கண்ட முதியோர் இதனை எமக்கு முன்பே சொல்லியிருக்கின்றனர்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி முதல் நாள். அன்று காயல்பட்டினம் செல்வதென முடிவு செய்து பதினெட்டு மாணவர்கள் பெயர் கொடுத்திருந்தனர். அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் தம் பாட்டனார் காலத்து அரபுத்தமிழ் நூல்கள் சிலவற்றைக் காட்ட இசைந்திருந்தார். அரபு எழுத்தில் தமிழைப் பொறித்த கல்லச்சு நூல்கள் அவை. இரண்டு மாணவர்கள் அத்துறையிலேயே ஆய்வு செய்யும் எண்ணமுடையவர்கள், அந்நாளுக்காகவே காத்திருந்தனர்.

சனிக்கிழமை மாலை அறிக்கையில் 'மிக' வந்துவிட்டது. பயணத்தை நிறுத்துகிறோம் என்றதும் மாணவர் முகங்கள் வாடின. 'கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை என்று பழமொழியே உண்டே ஐயா!' என்றார் ஒருவர். மற்றொருவர் குறுந்தொகையைத் துணைக்கழைத்தார். பருவமல்லாக் காலத்து மழையைக் கார் என்று மயங்கிக் கொன்றை பூத்துவிட்டது எனத் தோழி தலைவியைத் தேற்றும் கோவர்த்தனார் பாட்டை வகுப்பில் அப்போதுதான் நடத்தி முடித்திருந்தோம். 'இதுவும் வம்பமாரிதான் ஐயா' என்றார் அவர். பாடம் மனத்தில் பதிந்தது குறித்து மகிழ்ந்தோம். ஆயினும் தோழி அங்கே மழையை அளக்கவில்லை, தலைவியின் உயிரைக் காக்கவே அவ்வாறு கூறினாள் என்று விடையளித்தோம். பழமொழியைப் பொறுத்தவரை, 1964இல் தனுஷ்கோடியைக் கடல் கொண்டதும் மார்கழியில்தான் என்பதை நினைவூட்டினோம்.

பெரியவரும் தொலைபேசியில் அழைத்தார். 'இங்கே தூறல்தான் தம்பி. பிள்ளைகள் வரட்டும், நெய்ச்சோற்றுக்குச் சொல்லிவிட்டேன்' என்றார். அவர்தம் அன்பை மறுப்பதே யாவற்றினும் கடினமாயிருந்தது. மழை இரவுகளில் அவரவர் இருப்பிடத்திலேயே தொழுதுகொள்ளுமாறு அறிவிக்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பாங்கு சொல்பவரைப் பணித்த செய்தியை அவருக்கு எடுத்துரைத்தோம். தொழுகைக்கே அச்சலுகை உண்டெனில் சுற்றுலாவிற்கு இராதா? அவர் சிரித்து, சரி என்றார்.

மறுநாள் நிகழ்ந்ததை நாடறியும். 17ஆம் நாள் காலை முதல் 18ஆம் நாள் காலை வரையிலான இருபத்து நான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்த மழை ஏறத்தாழ 95 செ.மீ. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையினும் மிகுதி. 'மிகக் கனமழை' என்னும் சொல்லின் எல்லை இருபதோடு முடிகிறது என முன்னர்க் கூறினோம்; அவ்வெல்லையைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு அது. யாம் செல்லவிருந்த சாலை பல இடங்களில் அறுந்தது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் திருச்செந்தூர் விரைவு வண்டி ஏறத்தாழ 800 பயணிகளோடு நின்றுவிட்டது; அவர்கள் அனைவரும் மீட்கப்பட 19ஆம் நாள் ஆயிற்று. மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமையால் ஆற்றங்கரை ஊர்களைச் சேர்ந்த எம் மாணவர் நால்வரைப் பற்றி மூன்று நாள்கள் வரை ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் பயணத்திற்குப் பெயர் கொடுக்காதவர்கள். வார இறுதியில் வீடு சென்றவர்கள். அந்த மூன்று நாள்கள் துறையில் எவரும் பாடம் நடத்தும் நிலையில் இல்லை. நான்காம் நாள் ஒவ்வொருவராய் அழைத்தனர். ஒருவர் மட்டும் மாடியில் இரண்டு இரவுகள் கழித்திருந்தார், மற்றவர்க்கு இடரில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

மதீனாவில் மழை வேண்டி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறைஞ்ச, ஒரு வாரம் இடைவிடாது பெய்ததாம். அடுத்த ஜும்ஆவில் ஒருவர் எழுந்து வீடுகள் இடிகின்றன என முறையிட, மழையை எம்மீதன்றி எம்மைச் சுற்றிலும் பொழியச் செய்வாயாக எனப் பெருமானார் இறைஞ்சினார்கள். அந்த வார இறுதியில் எம் கல்லூரிப் பள்ளிவாசலில் அந்த துஆவை ஓதியபோது அதன் நயம் எமக்கு முன்னெப்போதும் இல்லாதவாறு விளங்கிற்று. மழையே வேண்டாம் என அது கேட்கவில்லை. இடம் மாறுமாறே கேட்கிறது.

2024 பிப்ரவரியில், சாலை சீரானபின், காயல்பட்டினம் சென்றோம். வெயில் இதமாயிருந்தது. ஸ்ரீவைகுண்டத்தை அடுத்த வாழைத் தோட்டங்களில் மணல் மேடிட்டுக் கிடந்தது. கடம்பாகுளத்துக் கரையருகே வண்டிகளைத் தள்ளிக்கொண்டே நடந்தோம்.

பெரியவர் வீட்டுச் சுவரில் இடுப்பளவில் சேற்றுக் கோடு படிந்திருந்தது. கீழ்த்தட்டிலிருந்த நூல்கள் யாவும் நீருண்டவை. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கற்பலகைகள் போலாகியிருந்தன. பரணில் இருந்த ஆறு நூல்கள் மட்டும் பிழைத்தன. 'அன்றைக்கு வந்திருந்தால் பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்திருக்கலாம்' என்றார் அவர். சற்று நேரம் கழித்து, 'வந்திருந்தால் பிள்ளைகளை எங்கே வைத்துக் காப்பாற்றியிருப்பேன்?' என்றும் அவரே சொன்னார். இரண்டும் உண்மையே, எதற்கும் யாம் விடை கூறவில்லை. ஆய்வு செய்யும் எண்ணமுடைய அவ்விரு மாணவரும் அன்று பகல் முழுவதும் திண்ணையில் அமர்ந்து, மெல்லிய மூங்கிற்சிம்பால் தாள்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்தனர். மாலைக்குள் நாற்பது பக்கங்கள் பிரிந்தன. அவற்றைக் கைப்பேசியில் படமெடுத்துக் கொண்டனர். எஞ்சியவற்றிற்காக மும்முறை மிதிவண்டியிலேயே சென்று வந்துள்ளனர். அவர்களுள் ஒருவர் இப்பொழுது அந்நூலொன்றைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து வருகிறார்.

அடுத்த பயணம் உமறுப் புலவர் அடங்கியுள்ள எட்டையபுரத்திற்கு. கயத்தாற்றிலிருந்து கடம்பூர் வழியே ஊர்ச் சாலைகளில் செல்வதாக எண்ணம். அது கரிசற்பூமி. மழை பெய்த கரிசலில் வண்டியை இறக்கினால் மண் அப்பி, மட்கார்டுக்கும் சக்கரத்திற்கும் இடையே அடைத்துக்கொண்டு வண்டி உருளாது. தோளில் சுமக்க நேரும். ஆதலின் தை பிறந்து பத்து நாள் வெயில் காய்ந்தபின் நாள் குறிப்போம். வர விரும்பும் மாணவர்கள் மண் தோண்டுவதற்கு ஒரு குச்சியும் ஓர் இணை மாற்றுடையும் கொண்டு வருக.