வேலை போனதை வீட்டுல மறைக்காதீங்க



கோயில் பக்கத்துல சினிமா பேச்சான்னு கேக்காதீங்க. போன வாரம் மஸ்ஜித் இந்தியாவுல பூமாலைக்குக் காத்திருந்தப்ப, நம்ம தொண்டர் தம்பிங்க 'தேசி பாய்ஸ்' படத்தைச் சொல்லிச் சிரிச்சிக்கிட்டு இருந்தாங்க. 2011-ல வந்த இந்திப் படம். அக்‌ஷய் குமாரும் ஜான் ஆபிரகாமும் காசுக்குப் பெண்களுக்குத் துணையாப் போறவங்களா நடிச்சிருப்பாங்க. ஆட்டம் பாட்டம், ரெட்டை அர்த்தம் எல்லாம் உண்டு. குடும்பத்தோட பாருங்கன்னு நாங்க சொல்ல மாட்டோம்.

ஆனா கதை எங்க ஆரம்பிக்குது? லண்டன்ல பொருளாதார மந்தம். ஒருத்தர் பேங்க்ல பெரிய வேலை, இன்னொருத்தர் செக்யூரிட்டி கார்ட். ரெண்டு பேருக்கும் வேலை போயிடுது. புது வேலையை மறைக்கிறாங்க. விஷயம் வெளியே வந்ததும் கட்டிக்கப் போற பொண்ணு கோவிச்சுக்கிட்டுப் போயிடுது. சிரிப்பை எடுத்துட்டா மிச்சம் இருக்கறது வெட்கம்தான்.

அந்த வெட்கத்தை நாங்க கண்ணால பார்த்திருக்கோம். ஒரு அண்ணன் தினமும் காலையில கம்பெனி சட்டையோட வந்து மண்டபத்துல உட்காருவார். சாயங்காலம் வரை கூட்டுவார், பாத்திரம் கழுவுவார். பக்தின்னு நினைச்சோம். கம்பெனியில ஆள் குறைச்சு மூணு மாசம் ஆச்சாம். வீட்டுல தெரியாது. அவர் வாயைத் திறந்தப்ப சொக்சோ கெடு தாண்டிப் போச்சு.

அதனாலதான் இந்தப் பதிவு. தனியார் கம்பெனியில ஆட்குறைப்பு செஞ்சா, சொக்சோவோட வேலை காப்புறுதித் திட்டம் இருக்கு. 2018-ல இருந்து நடக்குது. உங்க சம்பளத்துல மாசாமாசம் பிடிக்கிற காசுதான், பிச்சை இல்ல. சந்தாவைப் பொறுத்து 3 முதல் 6 மாசம் வரை உதவித்தொகை கிடைக்கும். ஆனா வேலை போன 60 நாளுக்குள்ள மனு போடணும். நீங்களா ராஜினாமா கடிதம் கொடுத்தா சாதாரணமா கிடைக்காது. அதனால யாராவது "கையெழுத்துப் போடு"ன்னு நீட்டினா, படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க.

பதிவுக் கட்டணம் கட்டினா ராத்திரி வேலை, கைநிறைய காசுன்னு போன்ல வர்றதை நம்பாதீங்க. வேலை தர்றவன் உங்ககிட்ட காசு கேக்க மாட்டான்.

அம்மாமார்களே, வீட்டுக்காரர் முகம் வாடியிருந்தா மெதுவா கேளுங்க. திட்டாதீங்க. அண்ணன்மார்களே, அன்னதானத்துல யாரும் உங்க சம்பளச் சீட்டைக் கேக்கறதில்ல. சாப்பிட்டுட்டு எங்க தொண்டர் ஒருத்தரை ஓரமா கூப்பிட்டுச் சொல்லுங்க. மனு எழுத நாங்க கூட வர்றோம். பேச்சு வெளியே போகாது.

அம்மன் துணை.