பெயர் மாறிய ஊரில் ஒரு சமாதி

பால்டிக் கடலோரத்தில், போலந்துக்கும் லிதுவேனியாவுக்கும் நடுவே, தாய்நாட்டோடு ஒட்டாமல் தனித்துக் கிடக்கிறது ஒரு ருஷ்யப் பிரதேசம். அதன் தலைநகரம் கலினின்கிராட். 1946-க்கு முன் அதன் பெயர் கோனிக்ஸ்பர்க்; ஜெர்மானிய நகரம். 1944 ஆகஸ்டில் பிரிட்டிஷ் விமானங்கள் பழைய நகரைச் சாம்பலாக்கின. மறு ஏப்ரலில் ருஷ்யத் துருப்புகள் புகுந்தன. எஞ்சியிருந்த ஜெர்மானியரும் பிற்பாடு வெளியேற்றப்பட்டனர்.

இவ்வளவுக்கும் தப்பி நிற்கிறது ஒரு சமாதி. பிரெகோல்யா நதியின் நடுவேயுள்ள தீவில், பெரிய கிறிஸ்தவ ஆலயத்தின் சுவரோரமாக, உயர்ந்த தூண்கள் சூழ்ந்த மண்டபத்தில் துயில்கிறார் இம்மானுவேல் காண்ட்.

குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளியின் மகனாக 1724-ல் இவ்வூரில் பிறந்து, 1804-ல் இவ்வூரிலேயே காலமானவர். கிழக்குப் பிரஷ்யாவைத் தாண்டி அடி வைத்ததில்லை. ஆயினும் சர்வகலாசாலையில் பூகோளம் போதித்தார்! வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தை அவர் வர்ணிக்கக் கேட்ட ஆங்கிலேயர் ஒருவர், லண்டனில் எத்தனை வருஷம் வசித்தீர்கள் என்று வினவினாராம். 1755 முதல் பதினைந்து வருஷம் பெரும்பாலும் மாணாக்கர் தரும் கட்டணமே அவருக்கு ஜீவனம். இடையே ருஷ்யர் நகரைப் பிடித்திருந்த காலத்தில், 1758-ல், சக்கரவர்த்தினி எலிஸபெத்துக்குப் பேராசிரியர் பதவி வேண்டி மனுப் போட்டார், பலிக்கவில்லை. 1770-ல்தான் அப்பதவி கிட்டியது. உபாத்தியாயர் தொழிலின் லட்சணம் எத்தேசத்திலும் ஒன்றுதான் போலும்!

அக்காலத்தில் ஐரோப்பியத் தத்துவ சாஸ்திரம் இரு கட்சியாயிருந்தது. அறிவின் பலத்தாலேயே உண்மையை எட்டலாம் என்றனர் லைப்னிட்ஸின் வழிவந்தோர். புலனனுபவமே ஆதாரம் என்றார் லாக். ஸ்காட்லாந்துக்காரரான ஹ்யூம் இன்னும் ஒரு படி போனார்: நெருப்பைக் காண்கிறோம், சூட்டை உணர்கிறோம், ஒன்று மற்றதற்குக் காரணம் என்பதை யார் கண்டது? அது பழக்கத்தால் வந்த எண்ணமே என்றார். தம்மை உறக்கத்திலிருந்து எழுப்பியவர் ஹ்யூமே என்று காண்ட் எழுதியிருக்கிறார். அவர் அளித்த விடை 1781-ல், ஐம்பத்தேழாம் பிராயத்தில், 'தூய அறிவின் விமரிசனம்' என்ற பெருநூலாக வெளிவந்தது. காலம், இடம், காரண காரியம் ஆகியவை வெளியுலகிலிருந்து நாம் பொறுக்கியெடுத்தவையல்ல. உலகை அறிவதற்கு மனம் தன்னுடன் கொண்டுவரும் அச்சுகள். அவ்வச்சில் வார்க்கப்பட்டதையே நாம் அறிகிறோம்; பொருளின் சுயரூபம் நமக்கு எட்டாது.

இந்தியருக்கு அதைவிட நெருக்கமானது 1795-ல் வந்த 'நிரந்தர சமாதானம்' என்ற சிறு நூல். வியாபார ஸ்தலம் அமைக்கும் சாக்கில் அந்நியப் படைகளை இந்துஸ்தானத்தில் இறக்கி, குடிகளை நசுக்கி, யுத்தமும் பஞ்சமும் விளைத்ததை அதில் கண்டிக்கிறார். கும்பினியாரின் கொடி உயர்ந்துகொண்டிருந்த நாளில் இப்படி எழுதிய ஐரோப்பியர் மிகச் சிலரே. அதே காண்ட் முன்னர் வெள்ளையரல்லாத ஜாதியாரை இழிவாக எழுதியவர் என்பதையும் மறைப்பதற்கில்லை. பிற்காலத்தில் மனம் மாறினாரா என்று பண்டிதர்கள் இன்றும் வாதாடுகின்றனர்.

ருஷ்யர் 2005-ல் அவ்வூர்ச் சர்வகலாசாலைக்குக் காண்டின் பெயரைச் சூட்டினர். 2018-ல் விமான நிலையத்துக்கும் அவர் பெயரிட வேண்டுமென்று பேச்செழுந்தபோது, அந்நியனுக்கு இம்மரியாதையா என்று சிலர் அவர் சிலைமீது சாயத்தை வீசினர். விமான நிலையம் எலிஸபெத் சக்கரவர்த்தினியின் பெயரைப் பெற்றது. ஆனால் மணம் முடித்த தம்பதிகள் அந்தத் தீவுக்கு வந்து, ஆயுள் முழுதும் பிரம்மசாரியாயிருந்தவரின் சமாதியில் மலர் வைத்துப் போகும் வழக்கம் அவ்வூரில் உண்டு.