எடைக்குப் போகும் குரல்கள்

ஜூன் 24

இறுதியாண்டு ஆவணப்படத்துக்கு இசைத்தட்டுக் கடைகளையும் சேகரிப்பாளர்களையும் எடுத்துக்கொள்வதென்று முடிவாகிவிட்டது. தலைப்பைக் கேட்டதும் பேராசிரியர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எல்லாப் பாட்டும் போன்லயே கிடைக்குதேம்மா, தட்டுல அப்படி என்ன இருக்கு?" படம் இருபது நிமிடம். அதற்குள் இந்தக் கேள்விக்குப் பதில் வந்தாக வேண்டும். 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்ற பெருமூச்சுக்கு மட்டும் இடமே கொடுக்கக் கூடாது என்று நாங்கள் மூவரும் பேசிவைத்துக்கொண்டோம்.

ஜூன் 29

நாள் முழுக்க நூலகத்தில் குறிப்பெடுத்தேன். கிராமபோன் கம்பெனிக்காக பிரெட் கைஸ்பெர்க் 1902-இல் கல்கத்தா வந்து பதிவைத் தொடங்கினார். அவரிடம் பாடிய கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தன் பெயரைச் சொல்வார். பதிவு கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய்த்தான் தட்டாகத் திரும்பும். அங்கே அச்சிடுகிறவர்களுக்கு இது யார் பாட்டு என்று தெரிய வேண்டுமே!

சென்னையில் ஏவி. மெய்யப்பன் படத் தயாரிப்பாளராகப் பெயர் பெறுவதற்கு முன்பே, கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்தி ஓடியன் இசைத்தட்டுகளைக் கொண்டுவந்தவர். சு. தியடோர் பாஸ்கரன் 1981-இல் எழுதிய 'தி மெசேஜ் பேரர்ஸ்' நூலில் நாடகமும் இசைத்தட்டும் சினிமாவும் விடுதலை இயக்கத்துக்கு எப்படித் தோள்கொடுத்தன என்ற வரலாறு இருக்கிறது. படிக்கத் தெரியாதவரிடமும் அரசியலைக் கொண்டுபோன கருவி இசைத்தட்டு. படத்தின் தொடக்கத்தில் இதைச் சொல்ல வேண்டும்.

ஜூலை 6

காலையில் சென்ட்ரல். புறநகர் ரயில்கள் நிற்கும் இடத்தில்தான் பழைய மூர் மார்க்கெட் இருந்தது. பழைய புத்தகமும் இசைத்தட்டும் தேடுகிறவர்களுக்கு அதுதான் முகவரி. 1985 மே 30-இல் தீப்பிடித்து எல்லாம் போயிற்று. கடைக்காரர்களில் பலர் அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினார்கள். அந்த வளாகத்தையும் ரயில் நிலையத்தையும் வெளியிலிருந்து எடுத்தோம். வசனம் எதுவும் வேண்டாம், எழுத்தில் தேதி மட்டும் போதும் என்று நினைக்கிறேன்.

ஜூலை 13

திருவல்லிக்கேணிச் சந்துக் கடையில் முதல் படப்பிடிப்பு. கடை என்றால் பத்தடிக்கு எட்டடி. தரையிலிருந்து கூரை வரை தட்டுகள், எல்லாம் நின்றவாக்கில். கேமராவை வாசலிலேயே வைக்க வேண்டியிருந்தது. டியூப்லைட் படத்தில் துடிக்காமலிருக்க, ஷட்டரை ஐம்பதில் ஒரு வினாடிக்கு மாற்றினாள் ஒளிப்பதிவுத் தோழி.

"பாய், உங்ககிட்ட அதிகமா தட்டு வாங்கினது யாரு? பணக்காரங்களா?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"இல்லம்மா. மைக்செட்காரங்கதான். ஒரு ஊர்ல நூறு வீட்டுல கிராமபோன் இருக்காது. ஆனா ஒரு சவுண்ட் சர்வீஸ் இருக்கும். கல்யாணம், காதுகுத்து, திருவிழா எல்லாத்துக்கும் அவன்தான். புதுப் படம் வந்தா பஸ் ஏறி வந்துடுவான்."

இந்தப் பதில் படத்தின் போக்கையே மாற்றிவிட்டது. தட்டு என்றால் வரவேற்பறை, சாய்வு நாற்காலி, வசதியானவர் என்றுதான் நினைத்திருந்தோம். தமிழ்நாட்டுக் கிராமங்கள் பாட்டுக் கேட்டது வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில். விடிகாலையில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு எழுந்தால் அந்தத் தெருவில் விசேஷம் என்று அர்த்தம். கதை வசனத் தட்டுகளும் அப்படித்தான். 'திருவிளையாடல்' (1965) படத்தைப் பார்க்காதவர்களுக்கும் தருமி வசனம் மனப்பாடம் என்றால், அதில் மைக்செட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஜூலை 27

மயிலாப்பூரில் ஒரு சேகரிப்பாளர் வீடு. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கேமரா லென்ஸ் துடைக்க நாங்கள் வைத்திருந்த ஸ்பிரிட் பாட்டிலைப் பார்த்ததும், "அதை முதல்ல வெளில வச்சுட்டு வாங்கோ" என்றார். 78 சுற்றுத் தட்டு அரக்கும் கல்பொடியும் கரியும் சேர்த்து அழுத்திச் செய்தது. தச்சர்கள் ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்துத்தான் மரத்துக்குப் பாலிஷ் போடுகிறார்கள். அதே ஸ்பிரிட் தட்டில் பட்டால் பள்ளங்கள் கரைந்து பாட்டு அழிந்துவிடும். பின்னால் வந்த எல்.பி.க்கள் வினைல் பிளாஸ்டிக். அவற்றின் பள்ளமும் மெல்லியது, ஊசியும் மெல்லியது. எல்.பி. ஊசியை 78-இல் வைத்தால் பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும்.

பத்தங்குல 78 தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம், கொஞ்சம் கூடலாம். அரைமணி நேரம் ஆலாபனை செய்கிற வித்வான் அந்த மூன்று நிமிடத்துக்குள் ராகத்தின் முகத்தைக் காட்டியாக வேண்டும். நீளமான பாட்டு, முதல் பாகம் இரண்டாம் பாகம் என்று இரு பக்கமாகப் பிரியும். சில சினிமாப் பாட்டுகளில் படத்தில் வரும் ஒரு சரணம் தட்டில் இருக்காது. வேறு சிலவற்றில் தட்டில் மட்டும் ஒரு சரணம் கூடுதலாக இருக்கும். "எல்லாம் போன்ல கிடைக்கறதுன்னு சொல்றாளே, எந்தப் பதிவு கிடைக்கறதுன்னு கேளுங்கோ" என்றார்.

பிறகு ஒரு தட்டை எடுத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தார். லேபிளை ஒட்டி, பாட்டு முடிந்தபின் வரும் வழவழப்பான வட்டத்தில் ஒரு எண் எழும்பித் தெரிந்தது. அதுதான் பதிவு எண். லேபிள் கிழிந்தாலும், மாற்றி ஒட்டப்பட்டாலும் இந்த எண் மாறாது. அதை வைத்து எந்தத் தொகுதியில் பதிவானது, ஏறக்குறைய எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்கலாம். அவரிடம் நாற்பது பக்க நோட்டுகளில் இந்த எண்களெல்லாம் பேனாவால் எழுதப்பட்டிருக்கின்றன. நகல் எதுவும் கிடையாது. தட்டின் விளிம்பையும் நோட்டின் பக்கங்களையும் நெருக்கத்தில் எடுத்தோம். மாலை முழுக்க அதற்கே போனது. போகட்டும், படத்தின் உயிர் இதுதான்.

ஆகஸ்ட் 10

அதே வீடு. இன்று எஸ்.ஜி. கிட்டப்பாவைக் கேட்டோம். செங்கோட்டையில் 1906-இல் பிறந்து, நாடக மேடையை ஆண்டு, 1933-இல் மறைந்தவர். தமிழில் முதல் பேசும்படம் 1931-இல் வந்துவிட்டது என்றாலும் அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. சென்னை வானொலி நிலையம் 1938-இல்தான் தொடங்கியது. அப்படியானால் அவருடைய குரல் வேறு எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. அரக்குத் தட்டில் மட்டும்தான்.

ஊசியை வைத்ததும் முதலில் இரைச்சல். பிறகு அந்தக் குரல் மேல் ஸ்தாயிக்குப் போய், சிறிதும் மெலியாமல் அங்கேயே நின்றது. ஒலிப்பதிவு செய்த தோழன் ஹெட்போனைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். இருபத்தெட்டு வயதுகூட நிறையாமல் மறைந்த மனிதரின் குரல். பேராசிரியரின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இணையத்தில் இன்று நாம் கேட்கிற கிட்டப்பாவும் யாரோ ஒருவர் உடையாமல் காத்த தட்டிலிருந்து வந்தவர்தான்.

ஆகஸ்ட் 24

இளம் சேகரிப்பாளர்களோடு ஒரு நாள். பெரும்பாலும் மென்பொருள் வேலையில் இருப்பவர்கள். தேடுவது இளையராஜா எல்.பி.க்கள், அதிலும் எக்கோ நிறுவன வெளியீடுகள். 'ஹவ் டு நேம் இட்' (1986) உறையைத் தொடக்கூட விடவில்லை ஒருவர். பிரிட்டனின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் இளையராஜாவின் பழைய பாடல்களைத் தொகுத்து வெளியிட்ட பிறகு வெளிநாட்டிலிருந்தும் கேட்கிறார்களாம். விலை ஆயிரங்களில் போகிறது.

இவர்களின் ஆர்வம் எனக்கு மகிழ்ச்சிதான். உறை, ஸ்டீரியோ, விலை எல்லாம் விரல்நுனியில் வைத்திருக்கிறார்கள். ஆனால் 78-ஐத் தேடுபவர் இவர்களில் ஒருவர்கூட இல்லை. சந்தை எல்.பி.யைக் காப்பாற்றிவிடும். விலை போகாத நாடகப் பாட்டு, ஹரிகதை, நாதஸ்வரம், நகைச்சுவைத் தட்டுகளைச் சந்தை காப்பாற்றாது.

செப்டம்பர் 7

எடிட்டிங். பாட்டு இல்லாமல் இசைத்தட்டுப் படம் எடுக்க முடியாது. பாட்டைப் போட்டால் உரிமைச் சிக்கல். சட்டத்தைத் தேடிப் படித்தோம். இந்தியாவில் ஒலிப்பதிவுக்கான உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பாடலும் மெட்டும் தனி. அவற்றுக்கு ஆக்கியவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டுகள். கிட்டப்பா பாடிய தியாகராஜர் கீர்த்தனைக்கு இரண்டு கணக்கும் எப்போதோ முடிந்துவிட்டது. அதை வெட்டாமல், முழுப் பக்கமும் ஓடவிடுகிறோம். இருபது நிமிடப் படத்தில் மூன்று நிமிடம் அதிகம் என்று குழுவில் ஒரு பேச்சு எழுந்தது. நான் விட்டுக்கொடுக்கவில்லை. எதைக் காப்பாற்ற வேண்டும் என்கிறோமோ அதைப் பார்ப்பவர் முழுதாகக் கேட்டாக வேண்டும்.

செப்டம்பர் 21

கல்லூரி அரங்கில் திரையிட்டோம். பாயும் வந்திருந்தார், மயிலாப்பூர் ஐயாவும் வந்திருந்தார். அவருடைய நோட்டுகளை ஸ்கேன் செய்ய ஜூனியர் மாணவர்கள் முன்வந்திருக்கிறார்கள். அடுத்த வாரம் தொடங்குகிறார்கள்.

படம் முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, தாத்தா காலத்துத் தட்டுகளைப் போன வருடம் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டோம் என்றாள். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இதுதான் நடந்திருக்கிறது. இனியாவது நடக்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பரணில், ஊர் சவுண்ட் சர்வீஸ்காரர் வீட்டு மூலையில் தட்டுகள் இருந்தால் படுக்கவைக்காதீர்கள், வெயில் படாமல் நிறுத்திவையுங்கள். ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள். லேபிளையும் அதை ஒட்டிய பதிவு எண்ணையும் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால், எடைக்குப் போடுவதற்கு முன் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஆவணக் காப்பகங்களில், அல்லது உங்கள் ஊரில் தட்டு சேர்ப்பவர் ஒருவரிடம், ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.