எந்தத் தண்ணீர் என்று முதலில் கேட்பவர்

வீட்டுக்குள் தண்ணீர் வரும் வழியையும் கழிவுநீர் வெளியேறும் வழியையும் குழாய்களால் அமைத்து, அவற்றின் முனைகளில் உரிய சாதனங்களைப் பொருத்தித் தருபவரைக் குழாய் பொருத்துநர் என்று அரசுப் படிவங்கள் குறிப்பிட்டாலும், ஊர்வழக்கில் அவர் பிளம்பர்தான். ஈயத்தைக் குறிக்கும் 'பிளம்பம்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த அந்தப் பெயர், ஈயக் குழாய்களை வளைத்தும் உருக்கி ஒட்டியும் வேலை செய்த பழைய ஐரோப்பியக் கைவினைஞர்களுடையது; ஈயம் போய் இரும்பு வந்து, இரும்பும் போய் பிளாஸ்டிக் வந்துவிட்ட பிறகும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஆனால் பெயர் ஒன்றாக இருந்தாலும் வேலை எல்லா ஊரிலும் ஒன்றல்ல. ஆற்றுப் பாசன ஊரில் குழாய் பொருத்துபவர் அழகையும் வசதியையும் மட்டும் எண்ணிப் பொருத்திவிடலாம். விருதுநகரிலோ சிவகாசியிலோ ஒரு குளியலறைக் குழாயை மாற்ற வருபவர், அந்தக் குழாயில் எங்கிருந்து வரும் தண்ணீர், எத்தனை நாளுக்கு ஒரு முறை ஏற்றப்பட்டு, எவ்வளவு உயரத்திலிருந்து இறங்கப்போகிறது என்பதை அறியாமல் கடையில் எந்தப் பொருளையும் எடுக்கச் சொல்லக் கூடாது.

விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாகப் பெய்யும் மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாகப் பெய்து தீர்ந்துவிடும். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கௌசிகா நதியும் ஆண்டின் பெரும்பகுதியில் மணல்வழியாகவே கிடக்கின்றன. 1920களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிய தொழில் சிவகாசியில் வேரூன்றி, பின்னர் பட்டாசாகவும் அச்சுத் தொழிலாகவும் கிளைத்ததற்கு இந்த வறண்ட காற்றும் தவறாத வெயிலும் பெருந்துணையாக இருந்தன. தீக்குச்சியின் மருந்தும் திரியின் கரிமருந்தும் காய்வதற்கு ஈரமில்லாத நாள்கள் வேண்டும். எந்த வறட்சி பட்டறைக்குச் சோறு போட்டதோ அதே வறட்சியைத்தான் பட்டறையிலிருந்து வீடு திரும்புபவர் அடுப்படியில் குடத்தோடு எதிர்கொள்கிறார் என்பதை மறந்துவிட்டு இவ்வட்டாரத்தின் குழாய் வேலையைப் புரிந்துகொள்ள இயலாது.

இங்குள்ள வீடுகளில் தண்ணீர் இரு வகை. நகராட்சியோ மாநகராட்சியோ குறித்த நாளில் திறந்துவிடும் குடிநீர் 'நல்ல தண்ணீர்'. வீட்டு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து, ஊர்ப்பேச்சில் 'போர்' எனப்படுவதிலிருந்து, மோட்டார் ஏற்றித் தருவது 'உப்புத் தண்ணீர்'. ஆனைக்குட்டம், வெம்பக்கோட்டை அணைகளும், நெடுந்தொலைவிலிருந்து வரும் தாமிரபரணிக் கூட்டுக் குடிநீரும் முதல் வகைக்கு ஆதாரம்; அது வரும் நாளில் தரைக்கீழ்த் தொட்டியாகிய சம்ப்பை நிரப்பிக்கொண்டு, அடுத்த முறை வரும்வரை அளந்து செலவிடுவது வீட்டாரின் வழக்கம். இரண்டாம் வகை எப்போதும் கிடைக்கும், ஆனால் வாயில் வைக்க முடியாது. ஆகவே இவ்வட்டாரத்தில் ஒழுங்காகக் கட்டப்பட்ட வீட்டின் மொட்டைமாடியில் இரண்டு தொட்டிகள் இருக்கும். சுவருக்குள் இரண்டு வழித்தடங்கள், ஊர்ப்பேச்சில் இரண்டு 'லைன்', இறங்கும். சமையலறையில் அருகருகே இரண்டு குழாய்கள் நிற்கும். இந்த இரண்டில் எது எங்கே போகிறது என்பதை வீட்டுக்காரர் சொல்வதற்கு முன்பே தாமாகக் கேட்பவரே இங்கே நல்ல பிளம்பர் என்று உறுதியாகச் சொல்லலாம்.

உப்புத் தண்ணீர் என்று பேச்சில் சொன்னாலும் அதில் கரைந்திருப்பது வெறும் உப்பன்று. மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் கரியமில வாயுவை ஏந்திக்கொண்டு சுண்ணாம்பைக் கரைத்தெடுத்துச் செல்கிறது; ஆர்.ஆர். நகரில் 1960களின் தொடக்கத்தில் சிமெண்ட் ஆலை எழவும் பந்தல்குடியில் சுரங்கங்கள் தோண்டவும் காரணமான சுண்ணாம்புக்கல் இம்மாவட்டத்தின் நிலத்தடியில் உண்டு. இவ்வாறு கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த நீரைக் கடின நீர் என்பர். இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம், ஒரு லிட்டரில் 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு ஆதாரமே இல்லாதபோது 600 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வகுத்திருக்கிறது. அந்த நீர் குழாயின் வாயில் காற்றுப்பட்டுக் காயும்போதும், கெய்சரில் சூடேறும்போதும், கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகப் படிகிறது.

அந்தப் படிவைக் காண விரும்புபவர், ஏழெட்டு ஆண்டுகள் உப்புத் தண்ணீரில் இருந்த அரை இஞ்சுக் குழாய் ஒன்றைக் கழற்றும்போது அருகில் நின்று பார்க்க வேண்டும். பைப் ரெஞ்சை வைத்துத் திருகினால் மறை அசையாது. மறை என்பது குழாயும் இணைப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் திருகுசுற்று. வலிந்து திருகினால் சுவருக்குள் இருக்கும் எல்போ, அதாவது குழாய் வளைந்து திரும்பும் இணைப்பு, உடைந்துவிடும். அது உடைந்தால் டைல்ஸைப் பெயர்க்காமல் வேறு வழியில்லை. கைப்பழக்கம் உள்ளவர் சுத்தியலால் மெதுவாக நான்கு பக்கமும் தட்டி, படிவு விடுவதற்குக் காத்திருந்து, கால் சுற்று முன்னும் கால் சுற்று பின்னுமாக அசைத்துத்தான் வெளியே எடுப்பார். எடுத்த குழாயின் உள்ளே விரல் நுழையும் துளை இருந்த இடத்தில் பென்சில் நுழையும் அளவே எஞ்சியிருக்கும். மீதி முழுதும் வெள்ளையும் பழுப்புமாக அடுக்கடுக்காய் இறுகிய சுண்ணாம்பு. தண்ணீர் வரவில்லை என்று மோட்டாரையும் தொட்டியையும் குறைகூறிக்கொண்டிருந்த வீட்டாருக்கு அந்த ஒரு துண்டு பித்தளை எல்லாவற்றையும் விளக்கிவிடும். ஷவரிலும், குழாய் வாயில் திருகியிருக்கும் சல்லடையிலும் படிவதும் இதுவே. அதை ஆசிட் ஊற்றித் தேய்க்கும் பழக்கம் மேலிருக்கும் குரோமிய முலாமை அரித்துவிடுமாதலால், எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஓரிரவு ஊறவைத்து எடுப்பதே பொருளைக் காக்கும் முறை.

குழாயைத் தேர்ந்தெடுக்கும்போதும் இந்த அறிவே வழிகாட்ட வேண்டும். பழைய வகைக் குழாயில் ஸ்பிண்டில் எனப்படும் திருகுதண்டின் அடியில் ஒரு ரப்பர் வாஷர் இருந்து தண்ணீரை அடைக்கிறது. புதிய வகையில், கால் சுற்றிலேயே திறந்து மூடும்படி, இரண்டு பீங்கான் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. பின்னது கைக்கு இலகுவானது, நல்ல தண்ணீரில் பல்லாண்டு உழைப்பது. ஆனால் சுண்ணாம்பும் போர்த் தண்ணீரின் நுண்மணலும் அந்தத் தட்டுகளுக்கிடையே புகுந்து கீறிவிட்டால் உள்ளுறுப்பை முழுமையாக மாற்ற வேண்டும். வாஷர் தேய்ந்தாலோ தெருமுனைக் கடையில் வாங்கி வீட்டாரே மாட்டிக்கொள்ளலாம். எனவே புறவாசலுக்கும் துணி துவைக்கும் இடத்துக்கும் பழைய வகையையே பரிந்துரைக்கும் பிளம்பரைப் புதுமை அறியாதவர் என்று எண்ணுவது பிழை.

நீரின் அழுத்தம் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். தொட்டியில் நிற்கும் நீர் ஒரு மீட்டர் உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.1 கிலோ என்ற கணக்கில்தான் அழுத்தம் தரும். பத்தடி உயரக் கூரையின் மேல் மூன்றடி மேடையில் தொட்டியை வைத்து, தரையிலிருந்து ஏழடியில் ஷவரை மாட்டினால், தொட்டியின் அடிக்கும் ஷவருக்கும் இடையே உள்ளது ஆறடி. தொட்டியில் இரண்டடித் தண்ணீர் நிற்கும்போதும் எட்டடிதான், அதாவது கால் கிலோ அழுத்தம்கூட முழுதாகக் கிடைப்பதில்லை. மழைபோலக் கொட்டும் அகன்ற ஷவர்களும், ஒரே கைப்பிடியில் வெந்நீரையும் தண்ணீரையும் கலக்கும் பல மிக்ஸர்களும் அதைவிடப் பல மடங்கு அழுத்தத்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. காட்சிக் கூடத்தில் பம்பு வைத்து ஓட்டிக் காட்டியதைப் பார்த்துப் பெருந்தொகை கொடுத்து வாங்கி வந்த வீட்டார், தம் வீட்டில் அது நூல்போல ஒழுகுவதைக் கண்டு பிளம்பரை நொந்துகொள்வதுண்டு. வாங்குவதற்கு முன் அவரை ஒரு முறை மாடியேறிப் பார்க்கச் சொல்லியிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும், மனவருத்தமும் நேர்ந்திருக்காது.

கூலி பேசும் முறை இரண்டு. சிறு வேலைக்கு நாள் சம்பளம். புது வீட்டுக்கோ குளியலறை முழுவதையும் மாற்றுவதற்கோ 'பாயிண்ட்' கணக்கு, அதாவது தண்ணீர் வெளிவரும் ஒவ்வொரு முனைக்கும் இவ்வளவு என்பது. பாயிண்ட் கணக்கில் காடி எடுப்பது, அதாவது குழாயைப் பதிக்கச் சுவரில் பள்ளம் வெட்டுவது, கூலியில் சேர்ந்ததா, வெட்டிய பள்ளத்தைப் பூசுவது கொத்தனார் பொறுப்பா என்பதை முதல் நாளே பேசிவிடாத வீடுகளில்தான் பின்னர் மனத்தாங்கல் வருகிறது. கழிப்பறைக் கோப்பை வாங்கும்போதும் இத்தகைய முன்பேச்சு வேண்டும். கோப்பையின் கழுத்தில் வளைந்து எப்போதும் சிறிது நீரைத் தேக்கிவைத்துக் கழிவுக் குழாயின் வாடை வீட்டுக்குள் ஏறாமல் தடுக்கும் அமைப்பு டிராப் எனப்படும். அது சுவர் வழியே வெளியேறினால் பி-டிராப், தரை வழியே இறங்கினால் எஸ்-டிராப். தரைவழி இறங்குவதாயின் சுவரிலிருந்து துளையின் மையம் ஒன்பது இஞ்சா பன்னிரண்டு இஞ்சா என்று அளந்துகொண்டு கடைக்குப் போகாதவருக்கு, அழகான கோப்பையை வாங்கி வந்து அதற்காகத் தரையை உடைக்க நேரும்.

பிளம்பரின் வேலையில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுவது. வெந்நீரையும் தாங்கும் சி.பி.வி.சி. குழாயை நேராக அறுத்து, பிசிறை வழித்து, இணைப்பின் உள்ளும் குழாயின் மேலும் சொல்யூஷன் எனப்படும் ஒட்டுதிரவத்தைத் தடவி, செருகியவுடன் கால் சுற்றுத் திருப்பி, எதிர்த்துத் தள்ளாதபடி அரை நிமிடம் கையால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த அரை நிமிடப் பொறுமையை யாரும் மேற்பார்வை செய்வதில்லை. டைல்ஸ் ஒட்டியபின் அதைச் சோதிக்கவும் வழியில்லை. ஆகையால் எல்லா முனைகளையும் டம்மி எனப்படும் அடைப்பான்களால் மூடி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்க்கும் சோதனையை டைல்ஸ் வேலைக்கு முன் செய்தே ஆக வேண்டும். அதைத் தாமே கேட்டுச் செய்பவருக்கு ஒரு நாள் கூலி கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். விருதுநகரில் பங்குனிப் பொங்கலுக்கும் சிவகாசியில் சித்திரைப் பொங்கலுக்கும் முன் வீடுகளைச் சீர்செய்யும் அவசரத்தில், பலரும் கைவிடுவது இச்சோதனையைத்தான் என்பது வருந்தத்தக்கது.

ஒரு குழாய் இம்மண்ணில் எவ்வளவு கனமான பொருள் என்பதற்கு விருதுநகரிலேயே ஒரு செய்தி வழங்கிவருகிறது. காமராசர் முதலமைச்சராக இருந்த 1954–1963 காலத்தில், அவருடைய தாயார் சிவகாமி அம்மாள் வாழ்ந்த வீட்டுக்கு நகராட்சி தனிக்குழாய் இணைப்புக் கொடுத்ததாகவும், அதை அறிந்த அவர் ஊராருக்கு உள்ள பொதுக்குழாயே தம் தாயாருக்கும் போதும் என்று அகற்றச் சொன்னதாகவும் மக்கள் இன்றும் சொல்கிறார்கள். தெருக்குழாயில் ஊரே வரிசையில் நின்ற காலத்தில் வீட்டுக்குள் ஒரு குழாய் எத்தகைய சலுகையாக இருந்தது என்பதை இச்செய்தி உணர்த்துகிறது. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஊரக வீடுகளுக்கு நாளொன்றுக்கு ஆளுக்கு 55 லிட்டர் என்ற இலக்கோடு குழாய்களைக் கொண்டுசேர்க்கிறது. குழாய் இன்று சலுகையாக இல்லை, ஆனால் அதில் வரும் நல்ல தண்ணீர் இன்னும் அளந்து செலவிடும் பொருளாகவே இருக்கிறது.

அந்த அளவுக்குள் முதலிடம் பெறவேண்டிய குழாய் ஒன்று இவ்வட்டாரத்து வீடுகளில் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகிறது. பட்டாசு ஆலையில் வேலை முடித்து வருபவரின் கைகளில் அலுமினியத் தூள் வெள்ளிபோல் முழங்கைவரை ஒட்டியிருக்கும். பிள்ளையைத் தொடுவதற்கும் தட்டில் சோறு போடுவதற்கும் முன் அது போயாக வேண்டும். வழக்கமாகப் புறவாசலில் இருப்பது உப்புத் தண்ணீர்க் குழாய். கடின நீரில் சோப்பு நுரைப்பதில்லை, திரிந்து வெண்படிவாகக் கையிலேயே நின்றுவிடும், தூளும் எளிதில் போகாது. ஆகவே வீட்டில் யார் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்று கேட்டறிந்து, சமையலறைக்குப் போகும் நல்ல தண்ணீர் லைனிலிருந்து டீ எனப்படும் மூன்றுவாய் இணைப்பால் ஒரு கிளை பிரித்து, வீணாகாமலிருக்கத் தனி வால்வும் வைத்து, குனியாமல் கைநீட்டும் உயரத்தில் புறவாசல் கதவுக்கு வெளியே ஒரு குழாயும், அதன் கீழ் நீர் தேங்காமல் சாக்கடைக்கு ஓடும்படி சரிவு வைத்த சிறு மேடையும் அமைத்துத் தரும் பிளம்பர்கள் இங்கே இருக்கிறார்கள். அதற்குச் சில அடிக் குழாயும் அரை நாள் வேலையும் போதும்.